தில்லையம்பலத்தின் சிங்களம்

மாத்தளையில் நாங்கள் நாலு தபால் கந்தோர்க் கிளாக்குமார் வீடெடுத்து மெஸ் நடத்திய காலம் அது. என் அறைக்கூட்டாளி வட்டுக்கோட்டைத் தில்லையம்பலம். பொல்லாத பிடிவாதக்காரன். அவனோடு வருஷக்கணக்காக மாரடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அவனைப்போல ஆசை ஆசையாகச் சிங்களத்தைக் கொலைசெய்த இன்னொருவனை நான் கண்டதில்லை.

எங்களுக்குக் கடைக்குப் போய்வர நாலு சொல் போதும். அவனுக்குப் போதாது. பின்னேரமானால் குசினிக்குள் போய்த் துருவலையில் குந்திவிடுவான். சமையல்காரன் உக்குபண்டாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தபடியே பேச்சு.

ஒருநாள் ஊரில் தாய் இருக்கிறா என்று சொல்லப்போய், உயிரில்லாத சாமான்கள் இருப்பதற்குச் சிங்களவர் சொல்கிற சொல்லைப் போட்டுவிட்டான். உக்குபண்டா அகப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

"தில்லை மாத்தயா, அம்மா என்ன அலுமாரியா?"

தமிழில் ஆளுக்கும் அலுமாரிக்கும் 'இரு' என்ற ஒரே சொல்தான் என்று இவன் நியாயம் பேசினான். உக்குபண்டா விடவில்லை. அடுத்த நாளும் அம்மா எந்த மூலையில் வைத்திருக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான்.

அதைவிடப் பெரிய கரைச்சல் வினைச்சொல்லின் வால். நம் பேச்சில் வந்தான், வந்தாள், வந்தார் என்று வாலே ஆளைக் காட்டிவிடும். சிங்களப் பேச்சில் யார் வந்தாலும் ஒன்றுதான். உக்குபண்டாவின் பெண்சாதி வந்ததை மரியாதையாகச் சொல்ல வால் தேடித் தவித்தான் இவன்.

"அப்ப மரியாதையை எங்கை வைக்கிறது?"

"முகத்துல வச்சாப் போதும் மாத்தயா."

அதன்பிறகு வாலை மறந்து பேசப் பழகினான். வருஷப்பிறப்புக்கு உக்குவளையில் உக்குபண்டா வீட்டில் போய்ப் பாற்சோறு தின்றான். அந்தப் பக்கம் காணித்துண்டு ஒன்றும் பார்த்து வைத்தான். மாத்தளையிலேயே இருந்து பென்சன் எடுப்பதுதான் அவனுடைய ஒரே ஆசை.

அப்போதுதான் வந்தது அந்த ஓடர். தமிழ் உத்தியோகத்தர் சிங்களச் சோதனை பாஸ் பண்ணவேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டும். சோதனையில் கேட்பது புத்தகச் சிங்களம். அதில் வினைச்சொல்லுக்கு வால் உண்டு. அறுத்த வாலை ஒட்டச் சொல்லுறாங்கள் என்று தில்லை சிரித்தான். ஒட்டியும் விட்டான். எங்களுக்குள் ஒருவன் பாஸ் பண்ணினால் அது அவன்தான் என்று எழுதியே வைத்திருந்தோம்.

சோதனை அன்று நாங்கள் மூன்று பேர் போனோம். திரும்பி வந்தபோது அவன் துருவலையில் இருந்தான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உனக்கென்ன விசரே? காணியெல்லாம் பார்த்து வச்சிட்டு ஏன்ரா போகேல்லை?"

"ஆசையிலை படிச்சனான் மச்சான். கழுத்திலை கத்தியை வச்சுக் கேட்டா வாயிலை வராது."

சொல்லிவிட்டு அடுத்த தேங்காய்ப் பாதியைத் துருவத் தொடங்கினான்.

வேலை போய் அவன் ஊருக்குப் போன அன்று உக்குபண்டா பலகாரப் பொட்டலத்தோடு ஸ்டேஷனுக்கு வந்தான். சிங்களவரும் நம்மைப்போலத்தான், புறப்படும்போது போகிறேன் என்று சொல்லமாட்டார்கள். "கிஹின் என்னம்" என்றான் தில்லை. போய்விட்டு வருகிறேன். அதை மட்டும் யாரும் அவனுக்குப் படிப்பிக்கவில்லை. ரயில் போனபிறகும் உக்குபண்டா அங்கேயே நின்றான். எனக்கும் அழுகை வந்தது.

நான் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணி, இடமாற்றத்தில் ஊரூராகத் திரிந்து, தலை நரைத்தபின் ஒருமுறை மாத்தளைக்குப் போனேன். தில்லை அந்த வருஷம் மாசியில்தான் வட்டுக்கோட்டையில் செத்துப்போயிருந்தான். அதை உக்குபண்டாவிடம் எப்படிச் சொல்வதென்று பஸ்ஸிலேயே சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

உக்குபண்டா ஸ்டேஷனடியில் தேத்தண்ணிக்கடை போட்டிருந்தான். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இருத்தினான். எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தான்.

"தில்லை மாத்தயா வாறேன்னு சொல்லிட்டுத்தானே போனாரு. எப்ப வாறாராம்?"

பாஸ் பண்ணிய சிங்களத்தில் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.