இரண்டு பூட்டும் ஒரு கைக்கடிகாரமும்

தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு கோடையில் நடந்தது இது. நைனார்பாளையத்தை ஒட்டி எங்களுக்குக் கரும்புக் கொல்லை. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். மலை கறுத்தால்தான் எங்களுக்கு மழை. அந்த வருடம் அது வெளிறிப்போய்க் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் வளைகுடாவில் டிரைவராக இருந்த என் தம்பி லீவில் வந்தான். முதலாளி தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்ததாம், பெரிய கம்பெனி வாட்ச். அதை என் வீட்டுக்காரர் கையில் கட்டிவிட்டான். உள்ளே மூன்று குட்டி வட்டங்கள், பக்கவாட்டில் பொத்தான்கள். மேல் பொத்தானை அமுக்கினால் நடுவிலுள்ள நீள முள் ஓடும். மறுபடி அமுக்கினால் நிற்கும். எத்தனை முறை நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடரும்; ஓடிய நிமிஷமும் மணியும் குட்டி வட்டங்களில் ஏறும். கீழ்ப் பொத்தானைத் தொட்டால் எல்லாம் பழையபடி பூஜ்யம். பந்தயங்களுக்கு நேரம் பிடிக்கிற வாட்ச் என்றான்.

"உன் மாமா எந்தப் பந்தயத்துல ஓடப்போறாரு? எருமை கயித்த அத்துக்கினு போனாதான் ஓடுவாரு" என்றேன். தம்பிக்கு முகம் சுண்டிப்போனது.

நான் சொன்னதில் தப்பில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போனார். பார்த்தவர்களெல்லாம், "இன்னாங்க, பெரிய முள்ளு நின்னுபோய்க் கீது?" என்று கேட்டார்கள். அமுக்கினால்தான் ஓடும் என்று சொல்லிச் சொல்லி மனுஷன் சலித்துப்போனார். கொல்லையில் கட்டினால் கரும்புத் தோகை மாட்டியது. மாட்டைக் குளிப்பாட்டக் கழற்ற வேண்டும், மோட்டார் போடக் கழற்ற வேண்டும். கழற்றி வைத்தால் இரண்டு நாளில் அதுவே நின்றுவிடும். கை அசைவில்தான் அதற்கு உயிர். கடைசியில் பீரோவுக்குள், என் பட்டுப்புடவைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

எங்கள் கிணறு பொதுக்கிணறு. என் வீட்டுக்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் பாதிப் பாதி. மூன்று மணி நேரம் அவர்கள் முறை, அடுத்த மூன்று மணி நேரம் நாங்கள். கரண்டு ஒழுங்காக இருந்தவரை தகராறு வரவில்லை. அந்தக் கோடையில் கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது. நடுவில் போன நேரத்தை யார் தலையில் கட்டுவது? "உன் முறை முடிஞ்சிபோச்சி" என்பார் ஒருவர். "பாதி நேரம் கரண்டே இல்ல" என்பார் இன்னொருவர். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு ஞாபகம்.

ஒருநாள் அண்ணன் முறை முடிந்தது என்று என் வீட்டுக்காரர் எங்கள் கொல்லைக்கு மடையைத் திருப்பிவிட்டார். அண்ணன் மண்வெட்டியோடு வந்தார். கைகலப்பு ஆகவில்லை, பேச்சு அதைவிட மோசமாகப் போனது. செத்துப்போன மாமனார் மாமியாரைக்கூட விட்டுவைக்கவில்லை. சாயங்காலம் அண்ணன் மோட்டார் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார். மறுநாள் காலையில் இவர் போய் அதன் மேலேயே இன்னொரு பூட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

ஒரு கதவு, இரண்டு பூட்டு. அவர் திறந்தாலும் பிரயோஜனமில்லை, இவர் திறந்தாலும் பிரயோஜனமில்லை. வருகிற கொஞ்ச நஞ்சக் கரண்டும் வீணாகப் போனது. இரண்டு கொல்லையிலும் கரும்பு மஞ்சளடிக்க ஆரம்பித்தது. பயிர் காய்ந்தாலும் பரவாயில்லை, விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று இரண்டு ஆண்களும் தனித்தனியே வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் அந்தக் கொட்டகைக்குள் தள்ளி மூன்றாவது பூட்டு போட்டிருப்பேன்.

அப்படிப் புலம்பிக்கொண்டே பீரோவில் எதையோ தேடும்போதுதான் வாட்ச் கையில் தட்டுப்பட்டது. நிறுத்தினால் நிற்கிற வாட்ச். கரண்டு போனால் நிறுத்து, வந்தால் ஓட்டு, அவ்வளவுதானே! இது ஏன் இத்தனை நாள் என் மரமண்டைக்கு எட்டவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

வாட்ச்சைக் குலுக்கி ஓட வைத்து எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். என் ஓர்ப்படி, அதாவது அண்ணன் மனைவி, வரப்பில் நின்று தன் கரும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்ததுமே தெரிந்தது. பொத்தான் விவரத்தைச் சொன்னேன். அவள் வாட்ச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உன் வூட்டு வாட்ச்சு உனக்குத்தான ஓடும்?"

சுருக்கென்றது. திரும்பி வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவள் கொல்லைக் கரும்பு கண்ணில் பட்டது; எங்களுடையதைவிட மோசமாக இருந்தது. சட்டென்று அவள் கையைப் பிடித்து வாட்ச்சைக் கட்டிவிட்டேன்.

"அக்கா, என் முறைக்கு நீ கட்டிக்கோ. உன் முறைக்கு நான் கட்டிக்கிறேன். நீ அமுக்குனாதான் என் தண்ணி."

கண்ணாடி வளையல்களுக்கு மேலே அந்த முரட்டு இரும்பு வாட்ச். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இம்மாம் வெல ஜாஸ்தி சாமான என் கையில குடுக்கறியே, தொலச்சிட்டா?" என்று கேட்டாள். "தொலச்சா ரெண்டு பேரும் தேடுவோம்" என்றேன்.

அன்றைக்கு ஆளுக்கொரு சாவியை வீட்டிலிருந்து சுட்டுக்கொண்டு வந்து நாங்களே கதவைத் திறந்தோம். மோட்டார் சத்தம் கேட்டு ஆண்கள் இருவரும் ஓடிவந்தார்கள். அண்ணி கையில் தன் வாட்ச்சைப் பார்த்த என் வீட்டுக்காரருக்குத் திறந்த வாய் மூடவில்லை. "பீரோவுல தூங்கிக்கினு கெடந்தது, இங்க வேல செய்யுது, போங்க" என்று அனுப்பிவைத்தேன். அவர் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் பூட்டு மறுபடி ஏறவில்லை.

அப்புறம் தினமும் வாட்ச் கை மாறியது. முதலில் பேச்சே இல்லாமல் கொடுத்து வாங்கினோம். பிறகு கரண்டைத் திட்டினோம். அடுத்து இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்காரர்களைத் திட்டினோம். அதற்கப்புறம் நெருக்கத்துக்குக் கேட்கவா வேண்டும்! காலையில் அவள் வந்தால் ஒரு டீ குடிக்காமல் போவதில்லை. சகோதரர்கள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள்.

ஒருநாள் எங்கள் முறை. வாட்ச் அக்கா கையில். நான் கரும்புக்குள் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் தண்ணீர் நின்றபோது அவள் முள்ளை நிறுத்தியிருப்பாள் என்று இருந்துவிட்டேன். மூன்று மணி நேரம் ஆகிவிட்டது என்று மடை திருப்ப அவள் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்து நின்றார். என் வீட்டுக்காரரும் வரப்பில் இருந்தார். அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"நில்லுங்க! ஆடு அத்துக்கினு போச்சின்னு தேடப் போயிட்டேன். வந்து பாத்தா கரண்டு போய் வந்திருக்குது, முள்ளு மட்டும் சும்மா ஓடிக்கினே கீது. இதுல எவ்ளோ நேரம் அவளுதுன்னு தெரியல."

சொல்லிவிட்டு எங்கள் எல்லோர் எதிரிலும் முள்ளை நிறுத்தி, கீழ்ப் பொத்தானை அமுக்கினாள். எல்லாம் பூஜ்யம். "மொதல்லருந்து பாச்சிக்கடி" என்றாள்.

அவள் கரும்பு அங்கே தண்ணீருக்குக் காத்துக்கிடந்தது. சும்மா இருந்திருந்தால் முள்ளை நிறுத்தாமல் விட்டது யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் வீட்டுக்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"யண்ணா" என்று கூப்பிட்டார் என் வீட்டுக்காரர். அத்தனை வாரத்துக்கு அப்புறம் வந்த முதல் வார்த்தை. "எங்குளுது நனஞ்சிபோச்சி. நீ திருப்பிக்க."

"வேணான்டா."

"திருப்பிக்கன்றேன்ல."

இப்போது சண்டை இப்படி மாறிவிட்டதே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் இரண்டு பேருமே சேர்ந்து மடையைத் திருப்பினார்கள்.

பிறகு ஒருவழியாக மலை கறுத்தது, பெய்தது, கிணறும் ஏறியது. முறை வைக்க வேண்டிய தேவை போய்விட்டது. அக்கா வாட்ச்சைக் கழற்றி முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதை பீரோவில் வைக்கும்போது சந்தோஷமாகவே இல்லை. நாளையிலிருந்து எங்களுக்குள் கொடுக்கவும் வாங்கவும் ஒன்றும் கிடையாதே என்று இருந்தது.

மறுநாள் காலை அதே நேரத்துக்கு வாசலில் நின்றாள். கையில் வளையல் மட்டும்.

"வாட்ச்சு வேணுமாக்கா?"

"வாட்ச்சு யாருக்குடி வேணும், டீ போடு" என்று உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

அவ்வளவு விலையுள்ள வாட்ச் தினப்படி வாழ்க்கைக்கு ஒத்துவருமா என்று யாராவது கேட்டால் எனக்கு அவள் வளையல் கைதான் ஞாபகம் வரும். நம்மை நம்பாத ஒருவரிடம் நம்முடைய உசத்தியான பொருளைத் துணிந்து கொடுத்துப் பார்க்கலாம் என்கிற தைரியம் அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு இருக்கிறது.