நூர் நிஷா திருப்பிக் கொடுத்த மண்

தாராவியில் எங்கள் சந்தில் நூர் நிஷாவுக்குப் பயப்படாத ஆண்பிள்ளை கிடையாது. நான் எதிர்வீட்டில் பெல்ட் தைக்கிற பட்டறை வைத்திருந்தேன். தினமும் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்பதால் என் பயம் கொஞ்சம் கூடுதல். ஆள் குள்ளம், குரல் உயரம். கடையநல்லூரில் பிறந்தவள். மீன்காரியிடம் மராத்தியிலும், போலீஸ்காரனிடம் இந்தியிலும், புருஷனிடம் சத்தமாகவும் பேசுவாள்.

புருஷன் கரீம் பாட்சா தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். தங்கமான மனுஷன். அவருக்கு ஒரே பலவீனம், இனாம். சும்மா கிடைக்கிறது என்றால் கிழிந்த குடையைக்கூட வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

எங்கள் பக்கம் இடம் வாங்குவது என்றால் சதுப்பை வாங்குவதுதான். தேங்கிய தண்ணீரைக் காட்டி, இதுதான் உன் வீடு என்பார்கள். அதில் பர்ணி கொட்டி மேடாக்கிக்கொள்ள வேண்டியது நம் பாடு. பர்ணி என்றால் இடிந்த செங்கல், தோல் துண்டு, சாம்பல், எது வேண்டுமானாலும் இருக்கலாம். உள்ளே என்ன என்று கேட்கும் வழக்கமே கிடையாது. மேலே நாலு கூடை செம்மண்ணைத் தூவி மிதித்துவிட்டால் அது பூமி.

எண்பத்தைந்தில் கரீம் பாட்சாவின் பள்ளத்துக்கு லாரி லாரியாகப் பர்ணி வந்தது, இனாமாக. கொண்டுவந்தவன் பூதத்தான், நம் ஊர்ப்பக்கத்து டிரைவர். செம்பூரில் ஒரு சேட்டின் சாயப் பவுடர் கம்பெனிக்கு லாரி ஓட்டினான். மண்ணையும் கொட்டிவிட்டு டீயும் அவனே வாங்கிக் கொடுத்தான். இனாம் கொடுக்கிறவன் டீயும் வாங்கித் தந்தால் ஒருத்தன் யோசிக்க வேண்டாமா? கரீம் பாட்சா இரண்டாவது டீயும் குடித்தார்.

அடுத்த மழையில் தரையிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசிந்தது. சிமென்ட் பூசினார்கள், சிமென்ட்டும் மஞ்சளானது. பாய் மஞ்சள், பூனையின் கால் மஞ்சள். மஞ்சள் நீராட்டு வீடு என்று சந்தே கேலி பண்ணியது.

எண்பத்தொன்பதில் அவர்கள் மகள் சைனப் தவழ ஆரம்பித்ததும் கேலி நின்றது. பிள்ளையின் முட்டியெல்லாம் புண். தரையில் விடாதே என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஒற்றை அறை வீட்டில் பிள்ளையைத் தரையில் விடாமல் வேறு எங்கே விடுவது? தூளியிலும் இடுப்பிலும் என் பட்டறை மேஜையிலுமாக வளர்ந்தாள் சைனப். பிள்ளை தன் வீட்டுத் தரையில் இறங்க வேண்டும், நூர் நிஷாவுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

விஷக் கழிவுக்கென்று புதுச் சட்டம் வந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அவள் சர்க்கார் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். தொல்லை தாங்காமல் ஓர் அதிகாரி வந்தார். சந்திரமௌலி, மாட்டுங்காத் தமிழர். வாசலில் நின்றபடியே தரையைப் பார்த்து மூக்கில் கைக்குட்டையை வைத்தார்.

“இது சாயக் கழிவும்மா. கொட்டினது யாருன்னு சாட்சி வேணும். இல்லேன்னா மண்ணு யார் எடத்துல கெடக்கோ, அவா பேர்லதான் நான் நோட்டீஸ் எழுத முடியும்.”

“என் வீட்ல கெடந்தா என் குத்தமா சார்?”

“சட்டம் புதுசு. நானே இப்பத்தான் பழகிண்டிருக்கேன்.”

“அப்ப சேட்டு எடத்துல கெடந்தா?”

சந்திரமௌலி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “சேட்டு பேர்ல எழுதுவேன்” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூதத்தானைப் பிரியாணிக்குக் கூப்பிட்டாள். என்னையும் கூப்பிட்டாள். அவர்கள் வீட்டு விருந்து என்றால் சகன். பெரிய தட்டைத் தரையில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, எல்லாரும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். அன்றைக்குப் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டாள். நானும் கரீம் பாட்சாவும் வெறுந்தரையில் உட்கார்ந்தோம். பூதத்தான் மட்டும் நின்றான்.

“உக்காருங்கண்ணே.”

“இருக்கட்டும் மைனி. இடுப்புல பிடிப்பு.”

“பிரியாணி வாசத்துக்குப் பிடிப்பு ஓடிரும். செருப்பக் கழத்திட்டு உக்காருங்க.”

“நின்னே சாப்பிடுதேன் மைனி.” செருப்பையும் கழற்றவில்லை. கறித்துண்டைப் பார்க்கிறான், தரையைப் பார்க்கிறான், வேர்க்கிறது.

நூர் நிஷா தூளியிலிருந்து பிள்ளையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். “நீங்க உக்கார மாட்டீய. இவ மட்டும் தவழணுமாக்கும்?”

பூதத்தான் அந்த முட்டிகளைப் பார்த்தான். அழுதுவிடுவான் போலிருந்தது. “கம்பெனில இத அள்ளுனவன் மூக்குக்குள்ள ஓட்ட விழுந்துட்டு மைனி. எங்கயாவது கொட்டிட்டு வான்னு சேட்டு சொன்னாரு. சாட்சி சொன்னா என் பொழப்பு போயிரும்.”

“சாட்சி யாருக்கு வேணும்? லாரியக் கொண்டாங்க.”

கம்பெனியை இடித்துவிட்டு சேட் அங்கே ஃப்ளாட் கட்டப் போகிறாராம். பள்ளத்தை நிரப்ப, பர்ணி வேண்டும் என்று போர்டு வைத்திருக்கிறாராம். பூதத்தான் இதைச் சொன்னதும் கரீம் பாட்சா நிமிர்ந்தார். “இனாமாவே குடுப்போம்” என்றார். வாழ்நாளில் அவர் சொன்ன உருப்படியான வார்த்தை அது.

மழை விட்டதும் தரையைப் பெயர்த்தோம். ரப்பர் பூட்ஸ், கையுறை எல்லாம் தோல் கம்பெனியிலிருந்து வந்தன. பட்டப்பகலில் லாரிகள் போயின. ஒவ்வொரு லோடுக்கும் மேலே செம்மண் தூவ நூர் நிஷா மறக்கவில்லை. சேட்டின் மேஸ்திரி மண்ணைத் தட்டிப் பார்த்து, “அச்சா மால் ஹை”, நல்ல சரக்கு என்றான். பூதத்தான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

கடைசி லோடு இறங்கியதும் அவள் சந்திரமௌலியைக் கையோடு கூட்டிப்போனாள். மம்பட்டியால் ஒரு கொத்து. உள்ளே மஞ்சள். இது வெளியிலிருந்து வந்த மண், எவனோ கொட்டிவிட்டான் என்று சேட் குதித்தார்.

“சாட்சி இருக்கா சேட்ஜி?” என்று சந்திரமௌலி மரியாதையாக இந்தியில் கேட்டார்.

நோட்டீஸ் சேட் பெயரில் போனது. அந்த மண்ணை ஒழுங்காக அப்புறப்படுத்தாமல் அங்கே ஒரு செங்கல்கூட வைக்க முடியாது என்றாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

குவாரி மண் போட்டுப் புதுத் தரை பூசி, காய்ந்த அன்று சந்தே அவள் வாசலில் கூடிவிட்டது. நூர் நிஷா பிள்ளையை மெல்லத் தரையில் இறக்கினாள். சைனப் இரண்டு கால்களையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டாள். மறுபடி இறக்கினாள், பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. கால் கீழே போனாலே “ச்சீ” என்று அதட்டி, தட்டித் தட்டித் தூக்கிய பிள்ளை அது. எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது.

அத்தனை பேரையும் வாயால் ஜெயித்தவள் பிள்ளையைப் புருஷன் கையில் கொடுத்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, சந்தே பார்த்திருக்க, முட்டி போட்டுத் தரையில் தவழ ஆரம்பித்தாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள். கரீம் பாட்சாவின் இடுப்பிலிருந்து சைனப் உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.