மலை ஏறாத வருஷம்

தம்பி குடியிருக்கும் ரவாங்குக்குப் பக்கத்தில் ஒரு காட்டு மலை இருக்கிறது. வன இலாகாவுக்குச் சொந்தமானது. வேரும் கல்லுமாய்ப் பாதை, வழியில் ஓர் அருவி, உச்சியில் இரண்டு பெஞ்சு. ஞாயிறு காலையில் நான் என் வீடு இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலில் போய் இறங்கினால், தம்பி ஸ்டேஷன் வாசலில் காரோடு நிற்பான். அவனுக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. மாத்திரையைவிட அந்த மலைதான் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது என்று கிளினிக் டாக்டரே சொல்லியிருந்தார். வீட்டில் வாயே திறக்காதவன், மலையில் மட்டும் ஓயாமல் பேசுவான்.

அம்மா இறந்து பதினாறு முடிந்ததும், ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாது என்று நான்தான் சொன்னேன். துக்க வீட்டுக்காரர்கள் மலை ஏறமாட்டார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். இது சாமி மலை இல்லையே, எக்சர்சைஸுக்குத்தானே போகிறோம் என்று தம்பி தயங்கினான். மலை என்றால் மலைதான் என்றேன். பெத்தவளுக்காக ஒரு வருஷம் அடங்கியிருக்க முடியாதா என்றும் கேட்டுவிட்டேன். சரி என்று தலையாட்டிவிட்டான். என் வாய்க்கு எப்போதும் பயந்தவன் அவன்.

அதற்குப் பதிலாக ஏரிப் பூங்காவில் நடந்தான். அதுவும் இரண்டு வாரம்தான். அப்புறம் ஞாயிறு காலையில் டிவி முன்னால் உட்கார ஆரம்பித்தான். ஒன்பதாவது மாதம் கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. ஆறவே இல்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள்.

வருஷத் திதிக்கு வந்த பூசாரியிடம், இனிமேல் மலை ஏறலாமா என்று கேட்டேன். அது கோயில் மலைக்குத்தானே, உடற்பயிற்சிக்கு யார் வேண்டாம் என்றது என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு விபூதித் தட்டை எடுத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த தம்பி, காதில் விழாதவன் மாதிரி படையல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு அவனே மலைக்குக் கூப்பிட்டான். அவன் மனைவி எங்களைக் கொண்டுபோய் விட்டாள். கார் நிறுத்துமிடத்தில் மர நிழலில் இருந்துகொண்டு, என்னைப் போய் ஏறிவிட்டு வரச் சொன்னான். முதல் வளைவு தாண்டி அவன் பார்வையிலிருந்து மறைந்ததும் நின்றுவிட்டேன். ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன். ஏறி இறங்குகிற நேரம் போகும்வரை அங்கேயே இருந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

உச்சியில் நல்ல காற்று என்றேன். ஒரு சீனக் குடும்பம் பெஞ்சில் உட்கார்ந்து பழம் சாப்பிட்டதாகவும் சேர்த்துச் சொன்னேன். அவன் என் சட்டையையே பார்த்தான்.

"பொய் சொல்லாதக்கா. உனக்கு வேர்க்கவே இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தான்.

"அம்மாவுக்காக நான் ஏறாம இருந்தேன். எனக்காக நீயும் ஏறாம இருந்துடாதக்கா."