அண்ணன் பெயர் எழுதிய டப்பா

என் அண்ணனுக்குத் தொண்ணூற்றெட்டு கிலோ. எனக்கு ஐம்பது. "காத்தடிச்சா கிள்ளான் வரைக்கும் பறந்துருவடா" என்று எங்கள் ஊர் செந்தூலுக்கே கேட்கும்படி சிரிப்பான். ரயில்வே பட்டறையில் வேலை, மூன்று வேளையும் ஆட்டுக்கறி. அவனைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். பொறாமை என்றும் சொல்லலாம்.

அப்பா குடல் புற்றுநோயில் போனவர். அவருக்கும் அதே வயிறு, அதே கறி. பயந்துபோன அண்ணி, எண்பதுகளில் ஒருநாள் அண்ணனைப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். டாக்டர் அவன் இடுப்பை அளந்தார்.

"அப்பாவுக்கு வந்திருக்கு, உங்க வெயிட்டும் அதிகம், தினமும் கறி. மலத்துல கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கான்னு பார்க்கணும். மூனு நாள் கறி தொடாம இருந்துட்டு இதுல எடுத்து வாங்க" என்று சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்தார்.

அண்ணி மூன்று நாளும் ரசம் வைத்தார். அண்ணன் வெளியே போய்க் கறி தின்றான். நான் அப்போது தைப்பூசக் காவடிக்கு விரதம். பல வாரமாகச் சைவம். நான்காம் நாள் காலை அண்ணன் காலி டப்பாவோடு வந்து என் கதவைத் தட்டினான்.

"நீதான்டா சுத்தமா இருக்க. ஒன்னோடதக் கொடு. யாருக்குத் தெரியப் போவுது லா?"

மறுத்திருக்கலாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நிரப்பிக் கொடுத்தேன். அவன் பெயரையும் நானே எழுதினேன்.

ரத்தம் இல்லை என்று ரிசல்ட் வந்தது. அன்றைக்கே பாசாரில் இரண்டு கிலோ கறி வாங்கினான்.

ஒன்றரை வருஷத்தில் அவன் சட்டை தொளதொளவென்று ஆனது. "டயட்டாண்ணே?" என்று கேட்டவர்களிடம் பெருமையாகத் தலையாட்டினான். எனக்கு மட்டும் திக்கென்றது. மறுபடி டெஸ்ட் எடு என்று சொன்னால் டப்பா விஷயம் அண்ணிக்குத் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் குடல் அடைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறுத்துப் பார்த்தவர்கள் அப்படியே தைத்துவிட்டார்கள். அப்போது அவன் எடை ஐம்பது.

"ஏன்டா கொடுத்த?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான்.

"நீதானே கேட்ட" என்றேன். சாகப்போகிறவனிடம் சொல்லும் பதிலா அது?

அண்ணன் போன பிறகும் தைப்பூசம் வந்தால் அண்ணிதான் எனக்கு விரதச் சாப்பாடு சமைத்துப் போடுகிறார். இலையில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "அந்தக் கிளினிக்குக்காரன் நாசமாப் போவான் தம்பி. ரத்தமே இல்லன்னு சொன்னானே பாவி" என்பார்.

"ஆமா அண்ணி" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவேன்.