என்னைக் கேட்காமல் போன அறிக்கை

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஜொகூர் பாருவில் தெப்ராவ் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து தங்கி டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

கட்டுமானப் பொறியியலில் இறுதியாண்டு எனக்கு. சொந்த ஊர் லாபிஸ். மழை வலுத்தால் எங்கள் வீட்டுச் சாலையில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றுவிடும். அது ஏன் வடிவதில்லை என்பதையே இறுதி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். அளக்கும் வேலை சீக்கிரமே முடிந்தது. அளவு நாடாவின் மறுமுனையை அப்பாதான் பிடித்தார். எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். முன்னுரையை எழுதுவேன், பிடிக்காது, அழிப்பேன். வரைபடத்தில் நீல நிறம் சரியில்லை என்று ஒரு நாள் முழுக்க அதையே மாற்றிக்கொண்டிருப்பேன். பயம் வந்துவிட்டால் லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டைக் கூட்டித் துடைக்கத் தொடங்குவேன். அந்த மாதங்களில் எங்கள் வீடு அவ்வளவு சுத்தமாக இருந்தது!

முந்தைய செமஸ்டரிலும் ஒரு கட்டுரையை இப்படியே திருத்தித் திருத்தி, கடைசிவரை அனுப்பாமல், அந்தப் பாடத்தில் தோற்றிருந்தேன். என் அறைத்தோழிக்கு மட்டும்தான் அது தெரியும்.

ஆய்வறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டிய கடைசி நாளும் வந்தது. நண்பகல் வரை நேரம். காலையில் படித்துப் பார்த்தேன். ஒரு பக்கம்கூடத் தேறாது என்று தோன்றியது. முடிவுரையில் இரண்டே வரிதான் இருந்தது.

"நான் அனுப்பல. அடுத்த செமஸ்டர் பாத்துக்கலாம்" என்று தோழியிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். சொன்னவுடன் மனம் லேசாகிவிட்டது. பாடிக்கொண்டே குளித்தேன்.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தால், அவள் என் மேசையில், நான் திறந்தே விட்டுப்போன லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"திட்டாதடி. அனுப்பிட்டேன்."

"எத?"

"உன் ரிப்போர்ட்ட."

அறிக்கை கிடைத்துவிட்டதாகத் திரையில் செய்தி. "அலமாக்! யாரக் கேட்டு அனுப்புன?" என்று நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. "நீ அனுப்ப மாட்டடி. போன தடவ பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்லா. இந்தத் தடவ என்னால முடியல."

திரும்ப எடுக்க வழி தேடினேன். இல்லை. அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அறிக்கையின் நடுவே, எனக்கு நானே சிவப்பு எழுத்தில் மலாயில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன்: 'குப்பை. இதை எழுதியவளுக்கு மூளையே இல்லை.' அதை அழிக்கவே இல்லை.

ஒரே அறையில் இருந்துகொண்டு ஒரு வாரம் அவளுடன் பேசவில்லை. அவள் கலக்கி வைத்த தேநீரை ஆறவிட்டுக் கொட்டினேன்.

பிறகு விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கண்டிப்பான மலாய்க்காரப் பெண்மணி. மேசைமேல் என் அறிக்கையின் அச்சுப்பிரதி, அந்தச் சிவப்பு எழுத்து இருந்த பக்கத்தில் விரிந்து கிடந்தது.

"இதை எழுதியது யார்?" என்று மலாயில் கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார். உடன் படிப்பவர்கள் யாராவது உன்னை இப்படிக் கேவலப்படுத்துகிறார்களா, பயப்படாமல் பெயரைச் சொல், நான் கூப்பிட்டு விசாரிக்கிறேன் என்றார். குரலில் கோபம் கொதித்தது. ஆனால் அது என்மேல் இல்லை, என்னைத் திட்டியவர்மேல்.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அறிக்கை போய்விட்டது என்று தெரிந்தபோதுகூட நான் அப்படி அதிர்ந்ததில்லை. வேறொருவர் சொன்னால் விசாரணை வைக்கும் அளவுக்கு மோசமான வார்த்தைகள் அவை. நான் எனக்கே அவற்றைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்!

பிறகு அவர் பென்சிலை எடுத்தார். வடிகால் சரிவைக் கணக்கிட்டதில் ஒரு தவறைக் காட்டினார். நிறத்தையும் வரிகளையும் மாதக்கணக்கில் மாற்றிய என் கண்ணில் அது படவே இல்லை. நேரத்தோடு அனுப்பியவர்கள் திருத்திக் கொடுக்க இரண்டு வாரம் உண்டு என்றார். அதுவரை நான் எதையும் நேரத்தோடு அனுப்பியதில்லை. அப்படி ஒரு வாய்ப்பு இருப்பதே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. திருத்தினேன். முடிவுரையை எழுதினேன். தேறினேன், சுமாரான மதிப்பெண்ணோடு.

விரிவுரையாளரைப் பார்த்துவிட்டு அன்று வீடு திரும்பியபோது தோழி முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், "நான் ஒத்துக்கலன்னா மேடம் உன்னத்தான் சந்தேகப்பட்டிருப்பாங்க" என்று ஆரம்பித்தேன். "என்னையா? நான் என்னடி பண்ணேன்?" என்று கரண்டியோடு திரும்பினாள். முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் இருவரும் சிரித்து, அழுது, முட்டையும் கருகிவிட்டது.

ஒருவர் உழைப்பை அவரைக் கேட்காமல் இன்னொருவர் அனுப்புவது சரியா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் பதில் தெரியாது. ஆனால் நான் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவளுக்கு மட்டும் துணிச்சல் வராமல் போயிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம், இப்போதும் நெஞ்சு திக்கென்கிறது.