கஞ்சி போகும் வழி

கண்ணாத்தாள் வேலையில் சேர்ந்தபோது அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பெஞ்சும் முப்பத்தொரு பிள்ளைகளும்தான். பெஞ்சில் மேலத்தெருப் பிள்ளைகள். தரையில், சுவரோரமாக, கூலிக்காரத் தெருப் பிள்ளைகள். யாரும் சொல்லி உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. வந்ததும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

அவள் ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெண். அப்பா இல்லை. அவளுக்குப் பின்னால் இரண்டு தம்பிகள், ஒரு தங்கை. தஞ்சாவூரில் ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு இந்த வேலை கிடைத்தது. கையால் செய்ததைத்தான் குழந்தை மறக்காது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளும் அதை முழுசாக நம்பினாள்.

வந்த வாரமே பெஞ்சை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தாள். புளியங்கொட்டையை வைத்துக் கூட்டல். தென்னை ஈர்க்கை ஒடித்து எழுத்து. களிமண்ணைப் பிசைந்து பூசணிக்காய், ஏர், எருமை. வாய்க்காலோரம் பொறுக்கிய நத்தை ஓடுகளை அம்சம் என்ற பெண் மடி நிறையக் கொண்டுவருவாள். பத்துப் பத்தாகக் கட்டி நூறு எண்ணுவார்கள்.

தலைமையாசிரியர் குஞ்சிதபாதம் சாதுவான மனிதர். மேலத்தெருவில் ஊர் மிராசுதார் விட்டுக்கொடுத்த வீட்டில் குடியிருந்தார். ஒருநாள் மூக்குப்பொடியைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"எழுத்தச் சொல்லிக் குடுங்கம்மா. சட்டி பானை பண்றதுக்குத்தான் குசவன் இருக்கானே."

"மண்ணுல பண்ணினா மனசுல நிக்கும் சார்."

"நிக்கட்டும். ஆனா ஒரே மண்ணுல எல்லாப் பிள்ளையும் கைய வைக்குதுன்னு மேலத்தெருவுல பேசுறாங்க. என் காதுல விழுந்தத ஒங்க காதுல போட்டுட்டேன்."

ஆட்சி மாறிய பிறகு வந்த முதல் தை மாதம் அது. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டுக் கூலிக்காரத் தெரு அரிவாளைக் கீழே வைத்துவிட்டது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். களத்துமேட்டில் கைகலப்பு நடந்தது. அதில் மிராசுதாரின் வயலை மேற்பார்க்கும் காரியக்காரரின் மண்டை உடைந்தது. யார் அடித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் போலீசில் எழுதிக் கொடுத்த பெயர் தங்கையன். ஊரில் கூலிக்காரர் சங்கத்துக் கொடியை முதலில் நட்டவன் அவன்தான்.

அன்றைக்கே அவன் மறைந்துவிட்டான். போலீஸ் வந்து அவன் குடிசையில் பானைகளை உடைத்தது. பெண்டாட்டி வேம்புவை ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பியது. தங்கையன் அகப்பட்டால் உயிரோடு திரும்ப மாட்டான் என்று மேலத்தெருவிலும் பேசினார்கள், கூலிக்காரத் தெருவிலும் பேசினார்கள். ஒரே பேச்சுத்தான், குரல்தான் வேறு.

அம்சம் அந்தத் தங்கையனின் மகள். ஏழு வயது. நான்கு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் வந்தவளிடம் கண்ணாத்தாள், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"எங்கப்பா எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது டீச்சர்" என்றாள் அம்சம்.

அவளை எதைக் கேட்டாலும் அந்த ஒரே பதில்தான். பாடம் மாதிரி ஒப்பித்தாள்.  அதற்கப்புறம் கண்ணாத்தாள் அந்தக் குழந்தையிடம் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள். அம்சம் மறுபடி மற்றப் பிள்ளைகளோடு கலந்து சிரிக்கவேண்டும், அது போதும் என்று நினைத்தாள். அதற்காகத்தான் மணலில் ஊர் செய்யும் வேலையை எடுத்தாள்.

நான்கு நடை வாய்க்கால் மணல் சுமந்து வந்து வகுப்பின் நடுவில் கொட்டினார்கள். நீலக் காகிதம் வாய்க்காலாயிற்று. கொட்டாங்கச்சி கோயிலாயிற்று.

"டீச்சர், எங்க வீட்டுக்கு ரெண்டு செங்கல் வேணும்" என்றான் மிராசுதார் பேரன் தியாகராசன்.

"ரெண்டு செங்கல் வச்சா கோயிலே மறைஞ்சு போவும்டா!" என்றாள் கண்ணாத்தாள்.

"மறைஞ்சா மறையட்டும். கோயிலே எங்களுதுதான்."

"அப்ப சாமிக்கு நீதான் சோறு ஊட்டுவியா?" என்று கூலிக்காரத் தெருப் பிள்ளைகளிடமிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அம்சமும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த சந்தோஷத்தில் கண்ணாத்தாளுக்கு மேலே ஒன்று தோன்றியது. அவள் ஊரில் வயலில் நிற்பவர்களுக்குப் பிள்ளைகள்தான் கஞ்சிக் கலயம் தூக்கிப் போவார்கள். இங்கேயும் அதுதான் வழக்கம்.

"அவங்கவங்க கஞ்சி கொண்டு போற வழிய விரலால போடுங்க பாப்போம். போய்ச் சேர்ற எடத்துல ஒரு நத்தை ஓட்ட வையுங்க."

பிள்ளைகள் மணலைச் சுற்றி மண்டியிட்டார்கள். மேலத்தெருப் பிள்ளைகள் களத்துமேட்டுக்குக் கோடு போட்டார்கள். கூலிக்காரத் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அது ஏன் என்று கண்ணாத்தாள் யோசிக்கவில்லை.

வாயைத் திறக்கக்கூடாது என்று அம்சத்துக்குச் சொல்லியிருந்தார்கள். விரலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்தச் சின்ன விரல் குடிசையில் புறப்பட்டது. வரப்பில் ஏறி, மதகில் தண்ணீர் போகும் கண்களைக் குத்தி, அதைத் தாண்டி, வடிகாலின் கரையோடு வெகுதூரம் போய், மணலின் ஓரத்தில் தாழம்புதர் என்று அவர்கள் புல்லைச் செருகியிருந்த இடத்தில் நின்றது. அங்கே ஒரு நத்தை ஓட்டை வைத்தாள். வழி தவறாமல் போட்டுவிட்ட பெருமையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"அடி ராசாத்தி!" என்றாள் கண்ணாத்தாள். "மதகுல எத்தனை கண்ணுன்னுகூடச் சரியா வச்சிருக்கியே!"

மணி அடித்துப் பிள்ளைகள் போனதும் தலைமையாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினாள். மண்வேலையால் என்ன பயன் என்று அவர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்ற ஆசை அவளுக்கு. குஞ்சிதபாதம் மணலை ஒருமுறை சுற்றி வந்தார். தாழம்புதர் பக்கத்தில் நின்றார்.

"இது யாரு போட்டது?"

"அம்சம் சார்."

அவர் பொடிமட்டையைத் திறந்து, எடுக்காமலே மூடினார்.

"அந்தத் தெரு வயல்ல இறங்கிப் பதினஞ்சு நாளாச்சு. கஞ்சி யாருக்கும்மா போவுது?"

கண்ணாத்தாளுக்கு அப்போதுதான் விளங்கியது. போலீஸ் பெரிய பெண்களைப் பின்தொடரும். நத்தை பொறுக்கப் போகும் சிறுமியை யாரும் பார்ப்பதில்லை. அவள் குனிந்து இரண்டு கையாலும் மணலைக் கலைத்தாள்.

"இப்பக் கலைச்சு என்ன ஆவப்போவுது" என்றார் அவர், மெதுவாக.

"சார், நீங்க யாருகிட்டயும்..."

"நான் என்னத்தம்மா கண்டேன்? வீட்டுக்குப் போங்க."

குடையை எடுத்துக்கொண்டு மேலத்தெருப் பக்கம் நடந்தார். அவர் வீடு அங்கேதான். அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கண்ணாத்தாள் வாசலில் நின்றாள். வேம்புவிடம் போய்ச் சொல்வதென்றால், கூலிக்காரத் தெரு வயலுக்கு அப்பால், அரை மைல். அறுப்பு முடிந்த வெட்டவெளி. டீச்சர் வரப்பில் நடந்தால் நான்கு ஊர் பார்க்கும். வேலை போய்விடும். தம்பி பத்தாவது படிக்கிறான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிற மனிதர் காட்டிக்கொடுப்பாரா, மாட்டார் என்று சொல்லிக்கொண்டாள். வெயில் தாழும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு அறைக்குப் போய் உலை வைத்தாள்.

விடிந்து தண்ணீர் எடுக்கப் போனபோது குழாயடியில் பேசிக்கொண்டார்கள். ராத்திரி போலீஸ் தாழம்புதரை நான்கு பக்கமும் வளைத்துத் தங்கையனைப் பிடித்துவிட்டதாம். அவன் தலைக்குப் பக்கத்தில் கஞ்சிக் கலயம் காலியாக இருந்ததாம்.

மூன்றாம் நாள் தங்கையனைப் பிணமாக வண்டியில் கொண்டுவந்தார்கள். போலீஸ் காகிதத்தில் நெஞ்சுவலி என்று எழுதியிருந்தது. முகத்தைத் தவிர வேறெதையும் அவிழ்த்துப் பார்க்க விடவில்லை.

பத்து நாள் கழித்து வேம்பு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. கண்ணாத்தாள் வெளியே போனாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன் டீச்சரம்மா. எம்மவ இங்க ஏதாச்சும் வாயத் தொறந்தாளா? அடிச்சுக் கேட்டுட்டேன், சூடு போட்டும் கேட்டுட்டேன். தெருவே அவளத்தான் சொல்லுது. அப்பன முழுங்கினவன்னு சொல்லுது."



"இல்ல. அவ ஒரு வார்த்தைகூடப் பேசல."

"சத்தியமா?"

"சத்தியமா. என் தம்பிங்க மேல ஆணையா."

வேம்பு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அதான். அவளும் அதையேதான் சொல்றா" என்றாள். கொஞ்ச நேரம் நின்றாள், இன்னும் ஏதாவது வரும் என்பதுபோல. மீதி வாக்கியம் கண்ணாத்தாளின் தொண்டை வரைக்கும் வந்தது. கோடு போடச் சொன்னது நான், கூப்பிட்டுக் காட்டினதும் நான். அது அங்கேயே நின்றுவிட்டது. வேம்பு போய்விட்டாள்.

அம்சம் மறுபடி வந்தாள். முழங்கைக்குக் கீழே சூட்டுத் தழும்பு. நத்தை ஓடு கொண்டுவருவதில்லை. களிமண் கொடுத்தால் பிசைவாள். மணலில் எழுதச் சொன்னால் எழுதுவாள். ஆனால் மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் ஓட, அவள் மட்டும் உட்கார்ந்து, தான் எழுதியதை இரண்டு உள்ளங்கையாலும் அழிப்பாள். வெறும் 'அ'னாவாக இருந்தாலும் சரி. மணல் வழவழவென்று ஆனபிறகு நிமிர்ந்து கண்ணாத்தாளைப் பார்ப்பாள். அப்புறம்தான் எழுந்து போவாள்.

சித்திரையில் கண்ணாத்தாள் மாற்றல் கேட்டு எழுதினாள். உத்தரவு வர இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரைக்கும் தினமும் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டுதான் கதவைப் பூட்டினாள்.