வானவில் கல் வைத்த ப்ரூச்

கவரிங் நகையின் வயசு தெரிய வேண்டுமா, லொரெய்ன் இயானோட்டியிடம் போ என்பார்கள் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் ஊர்க்காரர்கள். இப்படிச் சொல்லிச் சொல்லியே எழுபது வயதிலும் அவளை உட்காரவிடாமல் அடித்துவிட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு தேவாலயக் கூடத்தில் பழைய நகைச் சந்தை. காலை எட்டு மணிக்கு அவள் மேசையை விரிப்பதற்குள் நாலு பேர் கைப்பையைத் திறந்துகொண்டு நிற்பார்கள். வாங்குவதற்கு இல்லை, கேட்பதற்கு.

அவளும் சொல்வாள். ஒன்பது வயதில் தொடங்கிய வேலை அது. அவள் அம்மா தொழிற்சாலையிலிருந்து தட்டுத் தட்டாக நகை கொண்டுவருவாள். சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்ததும் பிள்ளைகள் எல்லோரும் பல்குச்சியும் பசையுமாக உட்கார்ந்து கல் ஒட்ட வேண்டும். அந்தக் காலத்தில் சில்வர் லேக் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். அதனால் நகையைக் கையில் எடுத்தவுடன் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம். கொக்கி, முத்திரை, பசை, எல்லாம் அங்கேதான் இருக்கும். புதிதாகப் பழைய நகை சேர்க்க வருகிறவர்களுக்கும் அதைத்தான் முதலில் சொல்லித் தருவாள்.

போன அக்டோபரில், 2007இல், அவள் திருப்பிப் பார்க்கவில்லை.

சந்தை முடிகிற நேரம். முழங்கால் கெஞ்சியது. அறுபது எழுபது நகைக்கு வயசு சொல்லி நாக்கு வறண்டிருந்தது. அப்போது பார்த்து விவியன் மர்சில்லி என்ற பெண்மணி சட்டையில் குத்திக்கொள்ளும் ப்ரூச் ஒன்றை நீட்டினாள். ரிப்பன் முடிச்சு மாதிரி வடிவம், நிறைய வானவில் கற்கள், அசைத்தால் பச்சையும் ஊதாவுமாக மினுங்குகிறது. 1943இல் அப்பா போருக்குக் கப்பலேறும் முன் அம்மாவுக்குக் கொடுத்தது என்றாள். அவர் திரும்பி வரவில்லை. விவியன் பிறந்தது அதற்குப் பிறகு. அப்பா தொட்டது என்று அவளுக்கு இருப்பது இது ஒன்றுதான். வருஷத்தை ஒரு தாளில் எழுதித் தந்தால் போதும், ப்ரூச்சோடு வைத்துக்கொள்வேன் என்றாள்.

லொரெய்ன் அதை வெளிச்சத்தில் ஒரு ஆட்டு ஆட்டினாள், அவ்வளவுதான்.

"வானவில் கல்லு வந்ததே ஐம்பத்தஞ்சு, ஐம்பத்தாறுலதாங்க. நாப்பத்திமூணுல யாரு குடுத்திருந்தாலும் இதக் குடுத்திருக்க முடியாது."

அப்படியானால் இதை யார் கொடுத்தது என்று விவியன் கேட்டாள். அது எனக்கு எப்படித் தெரியும் என்றாள் லொரெய்ன். விவியன் ப்ரூச்சை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். எழுந்து பின்னால் போக லொரெய்னுக்குத் தெம்பில்லை. பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள்.

மார்ச்சில் கடையைக் கட்டிவிடுவது என்று முடிவெடுத்து டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தபோது, அந்த ப்ரூச் குப்புற விழுந்தது. முதுகில் வெள்ளி முத்திரை. போர்க்காலத்தில் மற்ற உலோகமெல்லாம் குண்டுக்குப் போனதால் ப்ரூச்சை வெள்ளியில் வார்த்த வருஷங்களின் முத்திரை அது. பிறகு கல்லைப் பார்த்தாள். பசை குழியைத் தாண்டி வழிந்து மஞ்சளாகக் காய்ந்திருந்தது. ஒரு கல் சாய்ந்திருந்தது. தொழிற்சாலையில் இப்படி ஒட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இது சமையலறையில் ஒட்டியது.

லொரெய்ன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கற்கள் புதிதாக வந்தபோது ஊரில் ஒரு பெண் பாக்கி இல்லாமல் தொழிற்சாலையிலிருந்து கவுன் பையில் ஒரு பிடி போட்டு வந்து, வீட்டில் மங்கிக் கிடந்த பழைய ப்ரூச்சுக்கெல்லாம் கல் மாற்றினாள். பதினெட்டு வயதில் லொரெய்னே அத்தையின் கல்யாண ப்ரூச்சுக்குப் பதினோரு கல் மாற்றியிருக்கிறாள். வெளியூர்க்காரி யாராவது இப்படித் தப்புச் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

சந்தைக்காரர்களிடம் விலாசம் வாங்கி, இரண்டு பஸ் மாறி, பக்கத்து ஊரான கிரான்ஸ்டனில் விவியன் வீட்டுக் கதவைத் தட்டினாள். விவியன் காபி வைத்தாள். லொரெய்ன் ப்ரூச்சைத் திருப்பிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். வருஷம் 1943தான், கல் மட்டும்தான் பிந்தியது என்றாள். உங்கள் அம்மா கல் ஒட்டுவார்களா என்று கேட்டாள்.

"பத்து வருஷம் ஒட்டினாங்க" என்றாள் விவியன். ப்ரூச்சை அவள் தொடவில்லை. அம்மா ஜனவரியில் இறந்துவிட்டாள் என்று சொன்னாள்.

"அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் கேட்டேன். உங்கப்பா குடுத்ததுதான்னாங்க. பொய் சொல்லாதேம்மான்னேன். ஏன் நம்பலன்னு நான் சொல்லல. கல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான்தாண்டி மாத்துனேன்னு முடிச்சிருப்பாங்க. கடைசி ரெண்டு நாளும், அதக் காலர்ல குத்தி என்னை அடக்கம் பண்ணுன்னு கேட்டாங்க. தூக்கிப் போட்டுட்டேன்னு சொல்லிட்டேன்."

 தப்பு என்னுடையது, திருப்பிப் பார்த்திருக்க வேண்டும், அன்றைக்கு ரொம்பக் களைப்பு என்றாள் லொரெய்ன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான சாக்கு என்று தெரிந்தது.

விவியன் கோபப்படவில்லை. அவளும் களைத்துத்தான் இருந்தாள்.

"உங்கள எனக்கு அஞ்சு நிமிஷம்தான் தெரியும். அம்மாவ அறுபத்திநாலு வருஷமாத் தெரியும். நான் உங்களத்தானே நம்பினேன்."